பழியும் வழியும்

சுற்றுச்சூழலைக் காக்க மக்களின் மனச்சாட்சியை உறுத்தினால் மட்டும் போதுமா? சண்டிகரில் 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சிவாலிக் குன்றுகளின் மண் அரிப்பால் தூர்ந்து வந்தது. கால்நடைகளை மேயவிட்டுக் குன்றுகளை மொட்டையாக்கியதாக, அரியானாவின் சுகோமாஜ்ரி கிராம மக்கள்மீது பழி கூறுவது எளிது. ஆனால் அவர்களது பிழைப்புக்கு வேறு வழி ஏது? மண்வளப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அவ்வழியை நாடினர். 1976 முதல் அங்கு மண் அணைகள் எழுந்தன. நிலமற்றோர் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் நீரில் பங்கு அளிக்கப்பட்டது. குன்றில் புல் செழித்தால்தான் அணை தூராது என்றுணர்ந்த மக்கள், மேய்ச்சலைத் தாமே கைவிட்டனர்; கால்நடைகளைக் கொட்டிலில் கட்டித் தீவனமிட்டனர். வயல்களும் குன்றுகளும் பசுமையுற்றன. ஏரிக்கு வரும் வண்டலும் குறைந்தது. காப்பவருக்குப் பயனில் பங்குண்டு எனும் நியதியே இயற்கைக்கு உறுதியான வேலி. திட்டமிடுவோர் இதனை மனங்கொள்வது நலம்.