ஊசியும் உப்புக்கண்டமும்: ஷெட்லாந்தில் கோடை முடியும்போது

வழக்கமா கோடிங், கம்ப்யூட்டர்னு பேசற இந்த பாட்காஸ்ட்ல இன்னைக்கு கம்பளி நூல், ஆட்டுக்கறி சூப், டீத்தூள் மூணையும் பத்தி பேசப்போறோம். இந்த மூணுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு 150 வருஷத்துக்கு முந்தினது. ஆனா கேட்டு முடிச்சதும், இது நம்ம தெருவுல இன்னைக்கும் நடக்குதேன்னு உங்களுக்கே தோணும்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி சத்தம் கேட்டு வளர்ந்தவன். எங்க ஊர்ல "சிங்கிள் ஜெர்சி"ங்கற வார்த்தை தெரியாதவங்க கம்மி. அந்த ஜெர்சி ஒரு தீவோட பேரு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்கு. ஒரு காலத்துல கையால பின்னின கம்பளி உடைக்குப் பேர் போன தீவு. அதைத் தேடிப் படிக்கப் போய், அங்கிருந்து வடக்க ரொம்ப தூரத்துல இருக்கற இன்னொரு தீவுக்கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். அதுதான் ஷெட்லாந்து.

ஊரைப் பத்தி கொஞ்சம்

ஷெட்லாந்து ஸ்காட்லாந்துக்கும் வடக்க, 60 டிகிரி அட்சரேகையில இருக்கு. சுமார் 100 தீவு. அதுல 16-லதான் மனுஷங்க குடியிருக்காங்க. மொத்த ஜனத்தொகையே 23,000 பக்கம்தான். மரம் அபூர்வம், காத்து அதிகம். ஆடுதான் சொத்து.

ஜூன் மாசத்துல அங்க பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். ராத்திரின்னு சொன்னாலும் முழுசா இருட்டாது. டிசம்பர்ல அதே ஊர்ல பகல் ஆறு மணி நேரம்கூட இல்ல. செப்டம்பர்ல ஒரு வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கும் மேல வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வரும். நமக்கு கோடை முடியுதுன்னா நிம்மதி. அவங்களுக்கு அது ஒரு டெட்லைன். வெளிச்சம் போறதுக்குள்ள வெளி வேலை எல்லாத்தையும் முடிச்சாகணும்.

ஆகஸ்ட் கடைசியில ஒரு வீடு

1870-கள்ல அங்க ஒரு வீட்டை எடுத்துக்குவோம். கல் சுவர், கூரை வேய்ஞ்ச சின்ன வீடு, சுத்தி கொஞ்சம் நிலம், ஒரு மாடு, சில ஆடு. கோடை முழுக்க வீட்டு ஆம்பளைங்க மீன் பிடிக்கப் போயிருப்பாங்க. ஆறு பேர் துடுப்பு போடற திறந்த படகுல, கரையிலிருந்து 30, 40 மைல் தூரம் வரைக்கும். அது உயிருக்கு ஆபத்தான வேலை. 1881 ஜூலையில ஒரே புயல்ல 58 பேர் செத்துப்போனாங்க. அதனால கோடையில நிலத்தையும் மாட்டையும் பிள்ளைங்களையும் பாத்துக்கிட்டது பொம்பளைங்கதான்.

ஆகஸ்ட்ல மீன் சீசன் முடியும். காஞ்ச புல்லை மாட்டுக்கு சேர்த்து வைக்கணும். ஓட்ஸ், பார்லி அறுக்கணும். அப்புறம் உருளைக்கிழங்கு தோண்டணும். எல்லாத்துக்கும் மேல அடுப்புக்கு பீட். மரமே இல்லாத ஊர்ல விறகுக்கு எங்க போறது? சதுப்பு நிலத்து மண்ணை மே மாசம் கட்டி கட்டியா வெட்டி, கோடை வெயில்ல காயவெச்சு எரிப்பாங்க. நம்ம ஊர் வரட்டி மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா சாணிக்குப் பதிலா மண். காஞ்ச பீட்டை வைக்கோல் கூடையில அடுக்கி முதுகுல கட்டிக்கிட்டு மைல் கணக்கா நடந்து வீட்டுக்கு கொண்டு வரணும்.

இங்கதான் பின்னல் வருது. முதுகுல கூடை. கை சும்மாதானே இருக்கு? அந்தக் கையில ஊசியும் நூலும். நடந்துக்கிட்டே ஸ்டாக்கிங் பின்னுவாங்க. கற்பனை இல்ல இது, அந்தக் காலத்து போட்டோக்கள் நிறைய இருக்கு. நடக்கும்போது எப்படி முடியும்னு கேட்டா, இடுப்புல ஒரு தோல் பெல்ட். அதுல குதிரை முடி அடைச்ச ஒரு பட்டை, மேல நிறைய ஓட்டை. வலது பக்க ஊசியோட முனையை அந்த ஓட்டையில குத்திட்டா ஊசி ஆடாது, அதோட பாரத்தை கை தாங்க வேண்டியதில்ல. விரல் மட்டும் ஓடும். அங்க பின்னலுக்குப் பேரு "மேக்கின்", அதனால இது மேக்கின் பெல்ட். இன்னைக்கும் பயன்படுத்தறாங்க.

கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, பின்னல் அவங்க வாழ்க்கையில ஒரு பேக்ரவுண்ட் ப்ராசஸ். மாடு மேய்க்கும்போது ஓடும், கஞ்சி கொதிக்கும்போது ஓடும், பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனாலும் ஓடும். ஸ்க்ரீன்ல தெரியாது. ஆனா மெமரியைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்.

அடுப்படி

இப்போ சமையலுக்கு வருவோம். நம்ம பாட்டிமார் வீட்டுல உப்புக்கண்டம் போடுவாங்க இல்லையா? கறியில உப்பும் மஞ்சளும் தடவி, கயித்துல கோத்து, வெயில்ல காயவெச்சு எடுத்து வைப்பாங்க. ஷெட்லாந்துலயும் உப்புக்கண்டம் உண்டு. ஆனா வெயிலை நம்பி அங்க எதையும் காயவைக்க முடியாது. அதனால உப்புத்தண்ணியில கறியை ரெண்டு மூணு வாரம் ஊறப்போட்டு, அடுப்புக்கு மேல கூரைக் கட்டையில தொங்கவிடுவாங்க. கீழ பீட் எரியும், புகையும் சூடும் கறியைக் காயவைக்கும். இதுக்குப் பேரு "ரீஸ்டட் மட்டன்". கோடை முழுக்க புல் தின்னு கொழுத்த ஆடு, குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டுக் காப்பாத்த முடியாத ஆடு, இதுங்களை கோடை முடிஞ்சதும் அறுத்து இப்படித்தான் சேமிப்பாங்க.

சூப் வைக்கிறது ரொம்ப சுலபம். காஞ்ச கறியில ஒரு துண்டை தண்ணியில நல்லா வேகவிடணும். அப்புறம் உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், டர்னிப். உப்பு போடத் தேவையில்ல, கறியிலயே இருக்கு. கறியைத் தனியா எடுத்து வெச்சு சாப்பிடுவாங்க, கூட "பானக்". அது தடிமனா தட்டின ரொட்டி. மாவுல மோர் ஊத்தி, ஆப்ப சோடா சேர்த்து, அழுத்திப் பிசையாம லேசா சேர்த்து, நம்ம தோசைக்கல் மாதிரி ஒரு இரும்புக் கல்லுல சுடறது. பழைய காலத்துல அந்த ஊர் பார்லி மாவுலயும் ஓட்ஸ் மாவுலயும் பண்ணினாங்க.

இந்த மாவுதான் பிரச்சினை. வீட்டு நிலத்துல விளையறது வருஷம் முழுக்கப் பத்தாது. மீதியை வாங்கணும். வாங்கக் காசு வேணும். அந்த வீட்டுல பொம்பளை கையில சம்பாதிக்கிற ஒரே வழி பின்னல். இங்கதான் டீத்தூள் உள்ள வருது.

டீத்தூள் சம்பளம்

பின்னி முடிச்ச ஸ்டாக்கிங்கையோ சால்வையையோ எடுத்துக்கிட்டு லெர்விக் ஊருக்குப் போவாங்க. கடைக்காரர் வாங்கிக்குவார், விலையும் சொல்வார். ஆனா காசு தரமாட்டார். அந்த விலைக்கு அவர் கடையிலயே பொருள் எடுத்துக்கணும். அதுலயும் எல்லாப் பொருளும் கிடையாது. டீத்தூள், பருத்தித் துணி, இந்த மாதிரிதான். மாவு கேட்டா பெரும்பாலும் இல்லைன்னுதான் பதில். ஏன்னா துணியிலயும் டீயிலயும் வியாபாரிக்கு லாபம் அதிகம், மாவுல கம்மி. உடனே பொருள் வேண்டாம்னா ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. அதுக்குப் பேரு "லைன்". அந்தச் சீட்டும் அதே கடையிலதான் செல்லும்.

இப்போ யோசிங்க. வீட்டுல பிள்ளைக்கு ரொட்டி சுட மாவு இல்ல. கையில இருக்கறது டீத்தூள் பொட்டலம். அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அந்த டீத்தூளை எடுத்துக்கிட்டு அக்கம்பக்கத்துல போய் உருளைக்கிழங்குக்கும் மாவுக்கும் மாத்தினாங்க. ஒவ்வொரு கை மாறும்போதும் மதிப்பு கொஞ்சம் கரையும். ஆட்டு முடியைப் பறிச்சு, சிக்கெடுத்து, நூல் நூத்து, பின்னி, துவைச்சு, மைல் கணக்கா நடந்து வித்த உழைப்பு, கடைசியில தட்டுல ரெண்டு கிழங்கா வந்து நிக்கும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்னா, 1872 ஜனவரியில பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையரை லெர்விக்குக்கு அனுப்பிச்சது. பின்னற பொம்பளைங்க வந்து உக்காந்து கேள்விக்குக் கேள்வி பதில் சொன்னாங்க. வியாபாரிகளும் சொன்னாங்க. எல்லாம் அச்சுல இருக்கு.

கூலியைப் பொருளா தரக்கூடாதுன்னு சட்டம் 1831-லயே வந்துடுச்சு. ஆனா அது இவங்களுக்குச் செல்லல. ஏன்னா கணக்குப்படி இவங்க தொழிலாளி இல்ல, பொருள் விக்கறவங்க. இன்னைக்கு டெலிவரி பண்ற தம்பியை "பார்ட்னர்"னு கூப்பிடறோமே, அதே டெக்னிக். 1887-ல சட்டத்தைத் திருத்தி வீட்டுல பின்னறவங்களையும் சேர்த்தாங்க. அப்பவும் பழக்கம் முழுசா போகல. ரெண்டாம் உலகப் போர்ல ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க தீவுக்கு வந்து, ஸ்வெட்டருக்கு நேரடியா காசு குடுத்து வாங்கின பிறகுதான் பண்டமாற்று ஓய்ஞ்சது.

மணிக்கணக்கு

சரி, ஒரு ஸ்வெட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பாத்தேன். அங்க ஸ்வெட்டரை முன்பக்கம், பின்பக்கம்னு தனித்தனியா பின்னறதில்ல. எங்க ஊர் பனியன் துணி வட்ட மெஷின்ல குழாய் மாதிரி இறங்குமே, அதே மாதிரி சுத்திச் சுத்திப் பின்னுவாங்க. மெல்லிசு நூல்ல ஒரு சுத்துக்கு 280 கண்ணி, உடம்புக்கு மட்டும் 200 சுத்துன்னு வெச்சுக்குவோம். 56,000 கண்ணி.

ஷெட்லாந்தைச் சேர்ந்த ஹேசல் டிண்டால் 2008-ல உலகத்துலயே வேகமா பின்னறவங்கன்னு பேர் வாங்கினாங்க. மூணு நிமிஷத்துல 262 கண்ணி. அந்த வேகத்துல நிக்காம ஓட்டினாலும் உடம்புக்கு மட்டும் பத்தே முக்கால் மணி நேரம். ஆனா அது போட்டி வேகம், நாள் முழுக்க யாராலும் தாங்க முடியாது. நிமிஷத்துக்கு 30 கண்ணின்னா 31 மணி நேரம். கை, கழுத்து எல்லாம் தனி. ஒரு வரிசைக்கு ரெண்டு நிறம் மாத்திப் பின்னற ஃபேர் ஐல் டிசைன்னா இன்னும் கூடும். நூல் நூத்த நேரம் இதுல சேரவே இல்ல.

இந்த மணி நேரத்தை யாரும் கணக்குல வைக்கல. காரணம் ஒரே வார்த்தை: "ஓய்வு நேர வேலை". பீட் சுமக்கற நேரத்தை ஓய்வு நேரம்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சோ! ஆனா அப்படிப் பேர் வெச்சுட்டா விலையைக் குறைக்கறது சுலபம்.

எங்க ஊர்லயும் இது உண்டு. தைச்சு முடிச்ச துணியில நூல் பிசிறு வெட்டற வேலையை வீட்டுக்கே மூட்டையில கொண்டு வந்து போடுவாங்க. பீஸ் ரேட். எங்க பெரியம்மா ஒரு தடவை ரேட் ஏத்திக் கேட்டப்ப, மூட்டை கொண்டு வந்தவர் சொன்னது: "டிவி பாத்துட்டே செய்யற வேலைதானுங்க அக்கா." பெரியம்மா சிரிச்சுக்கிட்டே, "அப்ப டிவியே வெட்டிக் குடுக்கட்டுமுங்க தம்பி"ன்னாங்க. ரேட் ஏறல. ஆனா அந்த மூட்டைக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு அன்னைக்கிலிருந்து ஒரு பழைய டைரியில எழுத ஆரம்பிச்சாங்க. அடுத்த தடவை பேசும்போது கையில நம்பர் இருந்தது. கொஞ்சம் ஏறுச்சு.

இன்னைக்கு

ஷெட்லாந்துல இப்போ பின்னல் வயித்துப் பாட்டுக்கான வேலையா இல்ல. 2010-ல ஆரம்ப பள்ளிகள்ல பின்னல் வகுப்பையே நிறுத்திட்டாங்க. அப்புறம் ஊர்க்காரங்களே தன்னார்வமா சேர்ந்து பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பிச்சாங்க. அதே 2010-ல கம்பளி வாரம்னு ஒரு விழாவும் தொடங்குச்சு. வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில, அதாவது பழைய கணக்குப்படி வெளி வேலை முடிஞ்சு ஊசி எடுக்கற நேரத்துல நடக்குது. உலகம் பூரா இருந்து ஆளுங்க வர்றாங்க. ரீஸ்டட் மட்டனும் இன்னும் கசாப்புக் கடையில கிடைக்குது. சூப்பும் பானக்கும் குளிர்காலக் கூட்டங்கள்ல தவறாம இருக்கும்.

அழகான விஷயம்தான், சந்தோஷம்தான். ஆனா அந்த டிசைனை மட்டும் ரசிச்சுட்டு 1872 விசாரணையை மறந்துட்டா பாதிக் கதைதான் தெரியும். பூவேலை தெரியும், மாவு இல்லாத அடுப்பு தெரியாது.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல யாராவது பின்னறாங்க, பூ கட்டறாங்க, பீடி சுத்தறாங்க, வடகம் போட்டு விக்கறாங்கன்னா, அவங்ககிட்ட விலை கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கேளுங்க. அவங்களுக்கே தெரியலைன்னா கூட உக்காந்து ஒரு நாள் எழுதி வைங்க. எக்ஸெல் எல்லாம் வேண்டாம், ஒரு பழைய டைரி போதும். என்ன நம்பர் வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அதைப் பேசுவோம்.