கயிறு பிடித்த கை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மன்னார் என்றதும் திருக்கேதீச்சரமும் முத்தும் நினைவுக்கு வருகின்றன. 1905ஆம் ஆண்டு இக்கடலிலே பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. அக்காலக் குளியாள் கல்லிலே காலூன்றி இறங்கி, மூச்சடக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் கடலடியில் இருப்பான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அசைந்ததும் தூக்கிவிடுவான்.

1943இல் பிரெஞ்சு நாட்டுக் கூஸ்தோவும் கான்யானும் நீருக்குள் மூச்சுவிடும் கருவியை ஆக்கினர். இன்று நம் இளைஞர் சிலிண்டரை முதுகிற் கட்டிச் சங்கும் கடலட்டையும் எடுக்கின்றனர். நெடுநேரம் அடியில் இருக்கின்றனர். ஆனால், கயிறு பிடித்தவன் எங்கே?

ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறுகின்றது. அவ்வழுத்தத்தில் நைதரசன் உடலிற் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் அது குமிழியாகும். மூட்டுகள் நோகும், முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும். நோவைத் தீர்க்க மீண்டும் கடலில் இறங்குவது பேராபத்து. ஒட்சிசன் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இளைஞர்களே, ஆழத்தையும் நேரத்தையும் குறிக்க ஒருவர் வள்ளத்தில் இருக்கட்டும். மெல்ல ஏறுங்கள், 5 மீற்றரில் 3 நிமிடம் தரியுங்கள். இன்னொரு சிலிண்டர் இருக்கின்றதே என்று ஆசைப்படாதீர்கள்.

முத்தைக் கொண்டுவந்தவன் குளியாள். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் கயிறு பிடித்தவனே. நம் சங்கமும் அத்தகைய கையாக விளங்க வேண்டும்.