தறிக்குழியில் தண்ணீர் புகாமல் இருக்க



ஐப்பசி மழை உழவருக்குச் சந்தோஷம்; தறிக்காரருக்கோ கவலை. தெருவில் பாவு போட முடியாது. வீட்டுக்குள்ளே குழியில் தண்ணீர் நிற்கும். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் காஞ்சிபுரம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது.

குழிக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வரும். ஒன்று வாசல் வழி. மற்றொன்று, நிலத்தடி நீர் மட்டம் ஏறி, அடியிலிருந்து ஊறுவது. இரண்டையும் கவனிக்கணும்.

முதலில் வாசல். அந்தக் காலத்தில் திண்ணை வைத்து வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். ரோடு மேல் ரோடாகப் போட்டதில் பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. "தரையை இரண்டடி உயர்த்தினால் போச்சு" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அது கூரையில் இடிக்குமே! முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். இடம் இருந்தால், போன வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கும் மேலே தரை வரட்டும். அரையடி அரையடியாக மண் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கணும். உயரம் போதாத வீட்டில் வாசற்படியை உயர்த்துங்கள். குளியலறைச் சாக்கடைத் துவாரத்துக்கும் மூடி வேண்டும்; தெருத் தண்ணீர் அது வழியாகத் திரும்பி வரும்.

அடுத்தது குழி. வெறும் சிமெண்டுப் பூச்சு நிற்காது. அடிநீர் மேலே தள்ளும்போது வெடித்துவிடும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது குழியை அகலமாக வெட்டி, அடியும் சுவரும் ஒரே தொட்டியாக, கம்பி கட்டிக் காங்கிரீட் போடுங்கள். சிமெண்டில் நீர்த்தடுப்பு மருந்து சேர்த்து உள்ளே பூசணும். மூலையில் ஒரு சின்னப் பள்ளம் விட்டால் தண்ணீரை மொண்டு இறைக்கச் சௌகரியம். வேலைக்கு முன் விவரம் தெரிந்த ஒரு இன்ஜினீயரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மழை வலுத்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மிதியை அவிழ்த்து மேலே கட்டுங்கள். பட்டும் ஜரிகையும் பரணுக்குப் போகட்டும். மண் குழியில் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்காதீர்கள். சுற்றிலும் ஊறிய மண் உள்ளே சரிந்துவிடும். வெளியே வடிந்த பிறகு, நாளுக்குக் கொஞ்சமாக இறையுங்கள்.

குழி கட்டச் செலவாகும், வாஸ்தவம்தான். ஆனால் பாவு ஒன்று நனைந்தால் பட்டும் போச்சு, பல வாரக் கூலியும் போச்சு. ஆகவே அடுத்த கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.