முதல் போடாதவனுக்குப் பங்கு இல்லை!

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டு வியாபாரம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் பணம் போடுவார். இன்னொருவர் உழைப்பைப் போடுவார். பேசி வைத்த விகிதப்படி லாபத்தைப் பிரித்துக் கொள்வார்கள். இரண்டில் ஒன்றும் போடாமல் கடை வாசலில் நிற்பவனுக்குப் பங்கு உண்டா? கிடையாது! கூலி வேண்டுமானால் கிடைக்கும்.

இன்று நாடுகளும் இப்படித்தான் கூட்டு வைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்குக் கூட்டு. கணினிச் சில்லுக்குக் கூட்டு. இந்த வியாபாரத்தில் முதல் எது தெரியுமா? படித்துப் பக்குவப்பட்ட மூளை!

நம் சென்னையின் கதையையே பாருங்கள். இந்தியாவில் ஒரு பொறியியல் உயர்கல்வி நிலையம் அமைக்க உதவுவதாக 1956-ல் மேற்கு ஜெர்மனி முன்வந்தது. 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலை 31-ல் சென்னை ஐ.ஐ.டி.யை மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் திறந்து வைத்தார். ஜெர்மனி இயந்திரங்களை மட்டுமா கொடுத்தது? பேராசிரியர்களை அனுப்பியது. நம் ஆசிரியர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துப் பயிற்சியும் தந்தது. இயந்திரம் ஒருநாள் துருப்பிடிக்கும். பயின்ற ஆசிரியரோ இன்னும் நூறு பேரை உருவாக்குவார்!

விளைவு என்ன? 2018-ல் அதே நிலையம் 'சக்தி' என்ற சில்லை வடிவமைத்தது. யாரும் கட்டணமின்றி எடுத்தாளக்கூடிய அதன் அடிப்படை விதிமுறை, ரிஸ்க்-ஃபைவ், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. முதல் சில்லுகளைச் செய்து கொடுத்தது இன்டெல் ஆலை. ஆனால் வடிவம் சென்னையின் மூளை. இதுதான் பங்காளியின் இடம்!

அடுத்து, வாங்கிய கை கொடுக்கவும் தொடங்கியது. 2023-ல் கிராம்புக்குப் பேர்போன ஸன்ஸிபார் தீவில் சென்னை ஐ.ஐ.டி. தன் வளாகத்தைத் திறந்தது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அங்கே பாடம். வெளிநாட்டில் அமைந்த முதல் ஐ.ஐ.டி. வளாகம் அதுதான். அதன் முதல் பொறுப்பாளர் பேராசிரியை பிரீத்தி அகலாயம், ஒரு பெண்மணி. பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் வீடுகள் சிந்திக்கட்டும்!

2024-ல் டெல்லி ஐ.ஐ.டி. அபுதாபியில் வகுப்புகளைத் தொடங்கியது. எந்த அபுதாபி? நம் பிள்ளைகள் ஓட்டுநராகவும் விற்பனையாளராகவும் விமானம் ஏறிய அதே அபுதாபி!

விசா வந்துவிட்டது என்று பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட ஒரு பிள்ளையை நான் அறிவேன். கணக்கில் கெட்டிக்காரன். இன்று வளைகுடாவில் கைபேசி விற்கிறான். ஹலாலான உழைப்பு; குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைபேசிக்குள் இருக்கும் சில்லை வடிவமைத்திருக்க வேண்டியவன் அல்லவா அவன்? அவனைத் தடுத்து நிறுத்த அன்று ஊரில் ஒருவரும் இல்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கூட்டும் நல்ல கூட்டு அல்ல. நம் மூளையைக் கூலிக்கு எடுத்து, காப்புரிமையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் கூட்டும் உண்டு. கடை ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கும் நீங்கள், இதிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் பிள்ளை செய்முறையைக் கற்பானா? கண்டுபிடிப்பு யார் பெயரில் இருக்கும்? இதைக் கேட்கும் தகுதியும் படித்தவனுக்கே வரும்.

வணிகப் பெருமக்களே! மஹல்லாவுக்கு ஓர் அறை, ஒரு நல்ல கணக்கு ஆசிரியர், எட்டாம் வகுப்பு முதல் மாலை வகுப்பு. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் திறந்த கதவு. ஒரு கடையின் விளம்பரப் பலகைக்கு ஆகும் செலவில் இதைத் தொடங்கிவிடலாம்.

இளைஞர்களே! பாஸ்போர்ட் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்துவிட்டு எடுங்கள். கூலியாகப் போவதா, பங்காளியாகப் போவதா? முடிவு உங்கள் கையில்!