தோட்டத்து மேடையும் மீனாட்சியம்மையின் பாட்டும்



தேவாலாவில் கூடிப் பாட்டைப் பற்றிப் பேசுவோர் இலங்கையை விலக்கிவிட்டுப் பேச இயலாது. 1880ஆம் ஆண்டையொட்டித் தங்கம் தேடி வந்த வெள்ளையர் கம்பெனிகள் இம்மலையைக் குடைந்து பார்த்து ஏமாந்து போயின. நிலைத்தது தேயிலைதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கியது. அவர்களுள் பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, கூடலூர், பந்தலூர், தேவாலாப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களை வந்தடைந்தன. லயம், பெரட்டு, கங்காணி என்னும் சொற்கள் அவர்களோடு வந்தன. பாட்டும் வந்தது.

அப்பாட்டு மரபில், பெயர் அறியப்பட்டும் கவிஞர் வரிசையில் வைக்கப்படாத ஒருவர் மீனாட்சியம்மை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் என்ற அளவிலேயே வரலாறு அவரை நிறுத்திவிடுகிறது. நடேசையரின் வாழ்வைத் தேடித் தொகுத்த சாரல்நாடன் போன்றோரின் உழைப்பு இல்லையெனில் அந்த அளவுகூட எஞ்சியிராது.

அக்காலத்துத் தோட்டம், வெளியார் நுழைய இயலாத கோட்டை. நடேசையரே புடவை வியாபாரி வேடத்தில்தான் முதலில் உள்ளே சென்றார். 1931இல் அவர் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த பின்னர், கூட்டங்கள் கடைவீதிகளிலும் மைதானங்களிலும் நடந்தன. அங்கே பேச்சுக்கு முன்னர்ப் பாட்டு. மீனாட்சியம்மை பாரதியார் பாடல்களைப் பாடுவார். தாம் கட்டிய பாடல்களையும் பாடுவார். எழுத்தறியாத பெருங்கூட்டத்திற்குப் பாரதி அறிமுகமானது அச்சுப் புத்தகத்தால் அன்று, இந்தப் பெண்குரலால். கொழுந்து பறிக்கும் பெண்கள் மேடையில் ஒரு பெண் நின்று பாடுவதைக் கண்டதே அன்று ஒரு செய்தி.

1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலி பெற்றுவந்த இந்தியரை நீக்க இலங்கை அரசு முடிவெடுத்தது. நேரு கொழும்புக்கு வந்து பேசியும் முடிவு மாறவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். அந்த 1940ஆம் ஆண்டிலேதான் மீனாட்சியம்மையின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு பிரசுரமாக வந்தன. தலைப்பே ஓர் அறிக்கையின் தலைப்பு! கவிதை நூலுக்கு இப்படிப் பெயரிட யாருக்குத் துணிவு வரும்?

அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக் காடுகளில் கறுப்பின மக்கள் வேலையோடு எழுப்பிய கூவலிலிருந்து ‘ப்ளூஸ்’ பிறந்தது. மீனாட்சியம்மையோடு நேராக ஒப்பிடத்தக்கவர் ஆன்ட் மாலி ஜாக்சன். கென்டக்கி மாநிலத்து மருத்துவச்சி. 1931இல் ஹார்லன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில், மலைநாட்டுப் பழம்பாட்டு மரபில் ஊறிய குரலால் பசியையும் சங்கத்தையும் பாடியவர். அவரை அமெரிக்க நாட்டார் இசை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்து, பெயர் சொல்லிப் போற்றினர். இருவர் கையாண்ட வழியும் ஒன்றே: மக்கள் முன்பே அறிந்த மெட்டு, அதில் அன்றைய சேதி. மெட்டுப் பழகியதாக இருப்பதால் சொல் உடனே நெஞ்சில் ஏறும். இதை ‘வெறும் பிரசாரம்’ என்று தள்ளுகிற திறனாய்வு, காகிதத்தில் மட்டும் பாட்டைப் படித்துப் பழகிய திறனாய்வு.

குறை சொல்லவும் இடமுண்டு. மீனாட்சியம்மையின் சொற்கள் பெரும்பாலும் மேடைத் தமிழ். லயத்துத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் உள்ள வழக்கும் நையாண்டியும் அவரிடம் அரிது. அவற்றை அறிய சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கே செல்ல வேண்டும். கங்காணியைக் கிண்டல் செய்யும் பெண்ணின் குரல் அங்கேதான் தெளிவாகக் கேட்கிறது. ஆயினும் பெயரற்ற அந்தப் பாட்டு தோட்டத்திற்குள்ளேயே சுழன்றது. மீனாட்சியம்மையின் பாட்டோ சட்டத்தையும் அரசையும் நோக்கி முகம் திருப்பி நின்றது. துயரம் மனுவாக மாறும் அந்த இடமே அவர் தமிழ்ப் பாட்டுக்குச் சேர்த்த புதுமை. இசைநயத்தில் குறைந்தாலும் இதில் அவருக்கு ஈடு சொல்வது கடினம்.

நடேசையர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மீனாட்சியம்மை பாடிய அச்சம் எட்டே ஆண்டுகளில் சட்டமாகிவிட்டது. அட்டன் மைதானங்களில் அவர் பாடக் கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் 1970களில் கடவுச்சீட்டும் தகரப் பெட்டியுமாகக் கப்பலேறினர்.