நாற்பதுக்குப் பின் ஏடு தொடக்கல்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. ஒரே வகுப்பில் படித்து வைத்தியர்களான நாங்கள் மூவர், இரண்டு ஆண்டுகளாக யப்பானிய எழுத்துப் பழகுகிறோம். அதைச் சொல்லவே வந்தோம்.

யாழ்ப்பாணத்துக்கு அந்த மொழி புதிதல்ல. தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவுண்டென்று பேராசிரியர் சுசுமு ஓனோ ஆராய்ந்தபோது அவரோடு இணைந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும். எமது தைப்பொங்கலையும், யப்பானியக் கிராமங்களில் சனவரி 15இல் வரும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை. அது இருக்கட்டும். எங்களுக்குத் துணிவு தந்தது அந்தக் கதைதான்.

தொடக்கம் இனித்தது. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. அவை அ, இ, உ, எ, ஒ என்றே தொடங்குகின்றன. வடமொழி எழுத்துமுறை கற்ற பௌத்த துறவிகள் வழியாக அமைந்த வரிசை அது. குறில் நெடிலும் எங்களுக்குக் கஷ்டமில்லை. ‘ஒபசன்’ என்றால் மாமி, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ‘கிதே’ என்றால் ‘வந்து’. நடுவில் ஒற்று மிகுந்து ‘கித்தே’ ஆனால் முத்திரை.

எழுதப் போனதும் அகம்பாவம் கரைந்தது. சதுர றூள் கொப்பியில் ஒவ்வொரு கீறலுக்கும் முறை உண்டு: எது முதலில், எங்கே நிறுத்துவது, எங்கே கொளுக்கிபோல் மடக்குவது, எங்கே இழுத்து விடுவது. மருந்துத் துண்டு கிறுக்கிப் பழகிய கை கேட்கவில்லை. ‘ஸ’வை இடம்வலம் மாற்றினால் ‘ச்சி’ ஆகிவிடும். ஒரு மாதம் மாற்றி மாற்றி எழுதினோம். கதகானாவில் நீண்ட கீறல் கீழிருந்து மேலே போனால் ‘ஷி’, மேலிருந்து கீழே வந்தால் ‘த்சு’. எங்கள் வயதில் பாதியான ஆசிரியை சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, “இன்னும் ஒரு பக்கம் எழுதுங்கோ” என்பார். வகுப்பில் முதலாம் பிள்ளைகளாகவே இருந்த எங்களுக்குக் கொப்பியைக் காட்டவே வெட்கம்.

அப்போதுதான் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். தொண்ணூறுகள், ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். சொல்வதெழுதலில் அவளுக்கு எழுத்துகள் இடம் மாறிவிடும். அவளுடைய கொப்பியைப் பறித்து உரக்க வாசித்துச் சிரித்தவர்கள் முன்வாங்கில் இருந்த நாங்கள் மூவருமே. பின்னர் மருத்துவ பீடத்தில் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைச் சோதனைக்காக மனப்பாடம் செய்தோம். அப்போதும் அவளை நினைக்கவில்லை. அவளுக்கு இருந்தது அதுதானா என்று சொல்லவும் எங்களுக்கு உரிமையில்லை. எங்களுடையது பழக்கமின்மை மட்டும். எந்த நேரமும் நிறுத்தலாம். அவளால் அப்படி நிறுத்த முடியவில்லை. சாதாரணதரத்துக்கு முன்பே பள்ளியை விட்டுப் போனாள்.

இன்று அவளை அழைக்க விரும்பிச் சங்க அங்கத்தவர் பட்டியலில் தேடினோம். உயர்தரம் முடித்தவர்களின் பெயர்களே இருந்தன. இடையில் நின்றவர்களும் பழைய மாணவிகள்தானே. சேர்வு இடாப்பிலிருந்து அவர்களுடைய பெயர்களை எடுத்தெழுதும் வேலையை எங்களிடம் தாருங்கள். அதிபர் அனுமதித்தால் வரும் சனிக்கிழமையே கொப்பியோடு வருகிறோம்.