பழைய ஃபியட்டும் அதன் பிரேக்கும்



மழைக்காலத்தில் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய நீரைக் கடந்து வந்த கார், அடுத்த சந்திப்பில் நிற்க மறுத்த அனுபவம் உங்களில் சிலருக்கு நேர்ந்திருக்கும். எனக்கு நேர்ந்தது. மிதியை முழுவதும் அழுத்தியும், முன்னே நின்ற கைவண்டிக்கு ஒரு சாண் தூரத்தில்தான் வண்டி நின்றது. பிரேக்கில் பழுது ஒன்றுமில்லை. டிரம்முக்குள் நீர் புகுந்து லைனிங் நனைந்திருந்தது, அவ்வளவே. நீரைத் தாண்டியதும், மெல்ல ஓட்டியபடியே மிதியைச் சற்று அழுத்திப் பிடித்திருந்தால் உராய்வின் சூடே அதனை உலர்த்தியிருக்கும்.

நான் ஓட்டியது, குர்லாவில் இயங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பிறந்த ஃபியட் 1100. பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றதும் இதுவே. 1089 கன சென்டிமீட்டர் என்ஜின் கொண்ட இவ்வண்டி அந்நாளில் துடிப்பானது என்று பெயரெடுத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயங்களிலும் ஓடியது. 2023 அக்டோபரில் மும்பையின் டாக்சி வரிசையிலிருந்து அது விடைபெற்றது. ஆயினும் சொந்த வண்டியாக அதனைப் பேணுவோர் இருக்கின்றனர். அவர்களில் பலர் முதலில் கைவைப்பது என்ஜினில்தான். இது தலைகீழான முறை. வேகம் இரட்டித்தால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறுகிறது. கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் போர்காட் பாதையில் மிதியை விடாது அழுத்திவந்தால், டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் தன் பிடியை இழக்கும். பழைய பிரேக் ஆயிலாயின் அபாயம் இன்னும் அதிகம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய ஆயில் விரைவில் கொதித்து ஆவியாகும்; மிதி தரைமட்டம் போய்விடும். கடலோர நகரமான மும்பையில் இரண்டாண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றுவது வீண்செலவன்று. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதற்கோ செலவே இல்லை.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். பொருத்தலாம், ஆனால் டிஸ்கை மட்டும் வாங்கிவந்து மாட்டினால் போதாது. டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து நமக்கு உதவுகிறது. டிஸ்கில் அவ்வுதவி இல்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் அளவும் பூஸ்டரும் அதற்கேற்ப அமையவேண்டும். முன்பின் பங்கீடு தவறிப் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகும். என் அபிப்பிராயத்தில், டிஸ்கைவிட முந்தியது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். அறுபதுகளின் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு குழாய் துருப்பிடித்து ஒழுகினால் நான்கும் போயின. இத்தகைய மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நலம்.

இனி, வளைவில் வண்டி அலைவதைப் பற்றி. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பெருந்தவறு. நம் சாலைக் குழிகளுக்கு அது பொருந்தாது. முன்னே புஷ்களும் ஸ்டியரிங் மூட்டுகளும், பின்னே தொய்ந்த பட்டை ஸ்பிரிங்குகளும், நான்கு ஷாக் அப்சார்பர்களும் புதியனவானால் பாதி அலைச்சல் தீரும். ரேடியல் டயர் நல்லது. நான்கும் ஒரே வகையாக இருக்கவேண்டும்.

பழைய லைனிங்கின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின், ஆளற்ற உலர்ந்த சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து பிரேக் போடுங்கள். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து டிரம்மை முதலில் கழற்றிப் பாருங்கள்.